மூன்று டிப்போவை மூடிவிட்டு 3பிஎல்-க்குக் கொடுக்கலாமா?

பம்ப்செட்_கோவை
கோவையில் டேபிள்டாப் கிரைண்டர், மோனோபிளாக் பம்பு தயாரிப்பு. கொச்சி, பெங்களூரு, விஜயவாடாவில் டிப்போ (கிளை குடோன்) உண்டு. ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்தில் போட்ட சி அண்ட் எஃப் ஏஜெண்டுகள் (கமிஷனுக்கு நம் சரக்கை வைத்து அனுப்பித் தருபவர்கள்) இன்னும் அவற்றை நடத்துகிறார்கள். ஒரு 3பிஎல் கம்பெனி (அடுத்தவர் சரக்குக்குக் குடோன், லாரி வேலையை எடுத்து நடத்துபவர்), மூன்றையும் மூடிவிட்டு ஓசூரில் ஒரே குடோன், லாரியும் அவர்களே என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

எஃப்_ஃபார்ம்
அந்த டிப்போக்கள் வந்ததே வரிக்காகத்தான். அப்போது வெளிமாநில டீலருக்கு நேராக விற்றால் சி ஃபார்ம் என்ற சலுகைப் படிவத்தோடு 2% சிஎஸ்டி (மத்திய விற்பனை வரி), டீலர் அதைத் தன் வரியில் கழிக்க முடியாது. எஃப் ஃபார்மில் (விற்பனையல்ல, சரக்கு மாற்றம் என்று காட்டும் படிவம்) சொந்த டிப்போவுக்கு மாற்றி அங்கே பில் போட்டால் அந்த 2% மிச்சம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. இனி தூரமும் டெலிவரி நாளும்தான் கணக்கு.

ஓசூர் தமிழ்நாட்டுக்குள் இருப்பதால் இப்போதுள்ள ஜிஎஸ்டி நம்பரிலேயே கூடுதல் வணிக இடமாகச் சேர்த்தால் போதும். பெங்களூருக்குச் சரியான இடம். ஆனால் கொச்சிச் சரக்கை ஓசூர் வரை ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவது வீண் வாடகை. பாலக்காடு வழியாக ஃபேக்டரியிலிருந்தே போகட்டும்.

சிஎஃப்டி_கணக்கு
ரேட்டைப் பார்க்கும் முன் அளவுமுறையைப் பாருங்கள். பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றி, நிஜ எடை, அது இரண்டில் எது அதிகமோ அதற்கே வாடகை போடுவார்கள். 20×15×15 அங்குலப் பெட்டி என்றால் 4,500-ஐ 1,728-ஆல் வகுக்க 2.6 சிஎஃப்டி (கன அடி). ஒரு சிஎஃப்டிக்கு 10 கிலோ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 16 கிலோ கிரைண்டருக்கு 26 கிலோ வாடகை. 6 கிலோ என்றால் நிஜ எடையே நிற்கும். பம்பு கனம் என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மினிமம் கியாரண்டி, அதாவது சரக்கு இல்லாவிட்டாலும் இத்தனை பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) இடத்துக்கு வாடகை என்ற உறுதி. பம்பு கோடையில் ஓடும், மழைக்காலத்தில் படுத்துவிடும். வருஷம் முழுக்க ஒரே பேலட் எண்ணிக்கைக்கு ஒத்துக்கொண்டால் காலி ரேக்குக்கும் வாடகை கட்டுவீர்கள். சீசனுக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என்று பிரித்துக் கேளுங்கள்.

கிரைண்டர் கல் உடைந்தால் லாரிக்காரர் முழுப் பணம் தரமாட்டார். 2007 சாலைச் சரக்குச் சட்டத்தின் விதிப்படி, கூடுதல் ரிஸ்க் ரேட் கட்டாவிட்டால் வாடகையின் பத்து மடங்குதான் உச்சம். 600 ரூபாய் வாடகைக்கு 6,000, சரக்கு 40,000 ஆனாலும். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போகவேண்டும். ஆகவே டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

டிப்போ_சாவி
ஏஜெண்டுக்கு விற்பனையில் கமிஷன். அதனால் டீலரிடம் செக் வாங்குவது, உடைந்த பீஸைத் திரும்ப எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு பம்பு கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சொல்லாமலே நடக்கும். 3பிஎல்-க்குக் கூலி, ஏற்ற இறக்கத்துக்கும் ஒவ்வொரு பிக்கிங் லைனுக்கும்தான் (ஆர்டரில் ஒவ்வொரு வரியின் சரக்கையும் எடுத்துக் கொடுப்பது). ரேட் ஷீட்டில் இல்லாத வேலை நடக்காது. வசூலுக்கு ஆள் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மாற்றும்போது இரண்டு நாள் பில்லிங் நிறுத்தி, இரு தரப்பும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்ட எண்ணிக்கையே ஓப்பனிங் ஸ்டாக். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் உள்ளதை அப்படியே ஏற்றினால் பழைய குறைச்சல் யார் தலையில் என்ற சண்டை வருஷக்கணக்கில் ஓடும். டேமேஜ் பீஸைத் தனியாகப் பிரித்து எண்ணுங்கள். வாரண்டி இருப்பதால் வெளியே போகும் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் ஸ்கேன் செய்வது கட்டாயம் என்று எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து விஜயவாடாவுக்குச் சுமார் 650 கி.மீ. 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில் இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) 4 நாள் செல்லும். வழியில் வண்டி மாறினால் அதன் வண்டி விவரப் பகுதியான பார்ட்-பியில் புது நம்பர் ஏற்றவேண்டும். விட்டுவிட்டு மாட்டினால் வரியின் 200% அபராதம், சரக்கும் வழியிலேயே நிற்கும். இந்தப் பொறுப்பு அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் வரவேண்டும்.

எஃப்_ஃபார்ம்
ஒன்று விட்டுப்போச்சு. பில் தகராறு வந்தால் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். தகராறுள்ள தொகைக்கு ஈடான சரக்கு மட்டும் என்று அதைச் சுருக்குங்கள். தினசரி ஸ்டாக் ஃபைல் உங்கள் மெயிலுக்கு வந்துவிடட்டும், விலகும் நாளில் அவர்கள் சாஃப்ட்வேரைக் கெஞ்ச வேண்டியதில்லை.

பம்ப்செட்_கோவை
கொட்டேஷனைப் பார்த்தேன். சிஎஃப்டி 10 என்றுதான் போட்டிருக்கிறது, பம்புக்கும் சேர்த்தே.

சிஎஃப்டி_கணக்கு
பம்புக்கு நிஜ எடை, கிரைண்டருக்கு 6 என்று தனித்தனியாகக் கேளுங்கள். 8-ல் நிற்பார்கள். அதற்கே 21 கிலோ வரும், அப்புறம் பெட்டியை ஒரு அங்குலம் குறைக்க முடியுமா என்று பேக்கிங் ஆளைக் கேளுங்கள்.