'சுவை உவட்டல்': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றைச் சாப்பிட்டபின் வாந்தி எடுத்த அனுபவத்தால் அதன் சுவையே ஆகாமல் போவதை ஆங்கிலத்தில் 'டேஸ்ட் அவெர்ஷன்' (taste aversion) என்பார்கள். நோயாளிக் கையேட்டில் இதற்குத் தமிழில் 'உணவு ஒவ்வாமை' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வாமை என்றால் அலர்ஜி என்று நிலைத்துவிட்டது. வேர்க்கடலை தின்றால் உடம்பு தடிப்பது ஒவ்வாமை. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிய அன்று மீன்குழம்பு சாப்பிட்டு வாந்தி எடுத்தவருக்கு, அப்புறம் அந்த வாசனையே ஆகாமல் போவது வேறு விஷயம். நோயாளிக் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், மீன் தனக்கு ஆபத்து என்று பயந்து அவர் ஒரேயடியாக ஒதுக்கிவிடுவார். உடம்பு தேற வேண்டிய நேரத்தில் புரதம் போய்விடும்.

'சுவை வெறுப்பு' பரவாயில்லை. ஆனால் 'நான் வெறுக்கிறேன்' என்னும்போது செய்கிறவர் நான். ஆளையோ கொள்கையையோ காரணத்தோடு வெறுக்கிறேன். 'தினமும் இட்லி, வெறுத்துப்போச்சு' என்பதும் சலிப்புதான். அருவருப்பு அழுக்கைப் பார்த்து வருவது. திகட்டல் அளவு மீறியதால் வருவது, இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

இங்கே பேசுவது உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் விலக்கம். அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1950களில் எலிகளுக்கு சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, உடம்புக்கு ஆகாத கதிர்வீச்சில் வைத்தார். அதற்குப் பின் அவை இனிப்பு நீரைத் தவிர்த்தன. பிந்தைய சோதனைகளில், குடித்துச் சில மணி நேரம் கழித்து நோய் வந்தால்கூட பழி சுவை மேல்தான் விழுந்தது. ஒரே ஒரு தடவை போதும். மருந்தால்தான் வாந்தி வந்தது என்று மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும் இது விடுவதில்லை. அறிவுக்குக் கட்டுப்படாத இந்தக் குணம் சொல்லில் தெரிய வேண்டும்.

அதனால் 'உவட்டல்' என்கிறேன். உவட்டுதல் என்பதற்கு அருவருத்தல், தெவிட்டுதல் என்ற பொருள்கள் அகராதியில் உண்டு. 'எனக்கு மீன் உவட்டுகிறது' என்று சொல்லலாம். குமட்டுகிறது, திகட்டுகிறது, பிடிக்கவில்லை எல்லாம் இதே அமைப்புதான். உணர்கிறவர் 'எனக்கு' என்று நிற்கிறார், நடப்பது அவர் கையில் இல்லை. தாளிக்கிற வாசனைக்கே எழுந்து ஓடும் மசக்கைக்காரியைக் கேட்டால் இந்த இலக்கணம் புரியும்.

இளையவர்களுக்குச் சொல் புதிது என்பார்கள். 'ஒமட்டுது' என்று பேசுகிறவர்களுக்கு ஒலியும் பொருளும் அருகிலேயே இருக்கின்றன. 'குமட்டல்' ஏற்கெனவே நாசியாவுக்கு (nausea, வாந்தி வரும் உணர்வு) போய்விட்டதால் அதைத் தொட வேண்டாம்.

கையேட்டில் இப்படி வரும்: "சிகிச்சை நாளில் உங்களுக்கு மிகவும் பிடித்த உணவைத் தவிருங்கள், அதன்மேல் சுவை உவட்டல் ஏற்படலாம்." முதல் இடத்தில் மட்டும் 'வாந்தி அனுபவத்தால் ஒரு சுவை ஆகாமல் போவது' என்று விளக்கம் சேர்க்கலாம்.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். கீமோவுக்குச் சற்று முன் பழக்கமில்லாத, தூக்கலான மணமுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்து, உவட்டலை அதன் தலையில் கட்டிவிடும் உத்தி உண்டு. வழக்கமான உணவு ஓரளவு தப்பிக்கும். அந்த மிட்டாயை 'ஏற்பு உணவு' என்றால் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். 'பழிதாங்கி உணவு' எனக்குத் தோன்றியது. மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள், நோயாளி முன் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?