2017 பிஎம்டபிள்யூ 330ஈ: கார் சேலில் வாரண்டியோடு எடுப்பதா, சொந்தக்காரரிடம் வாரண்டி இல்லாமல் எடுப்பதா?

தெஹிவளை வீதி:
வணக்கம். பாவித்த ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று எடுக்க இருக்கிறேன். தேடித் தேடி இப்போது இரண்டு 330ஈ எம் ஸ்போர்ட் (பெற்றோல் எஞ்சினோடு, பிளக்கில் சார்ஜ் பண்ணும் மின் மோட்டாரும் உள்ள பிளக்இன் ஹைபிரிட்) மிஞ்சியிருக்கின்றன. இரண்டும் 2017, இரண்டும் யூகேயில் இருந்து இறக்கியவை.

முதலாவது, கார் சேலில் (பாவித்த கார் விற்கும் இடத்தில்) நிற்கிறது, 58,000 கிலோமீட்டர். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். மேலதிகமாக 4 லட்சம் கட்டினால் எலக்ட்ரிக்கல் உட்பட ஒரு வருடம். ஒரு கிளெய்முக்கு ஆகக்கூடியது 3 லட்சம், வருடம் முழுக்க 6 லட்சம்.

இரண்டாவது நுகேகொடையில் சொந்தக்காரரிடம், 81,000 கிலோமீட்டர். பிஎம்டபிள்யூ முகவரிடமே சர்வீஸ் செய்த பில்கள் இருக்கின்றன. வாரண்டி எதுவும் இல்லை. விலை முதலாவதை விட 5 லட்சம் குறைவு.

வீட்டில் சார்ஜ் பண்ண இடம் உண்டு. வேலைக்குப் போக வர 24 கிலோமீட்டர். வாரண்டிக்குக் காசு கட்டுவது பிரயோசனமா? அனுபவமுள்ள அண்ணாமார் சொல்லுங்கள்.

ஸ்பேனர் 10:
தம்பி, "எஞ்சின், கியர்பொக்ஸ் வாரண்டி" என்ற சொல்லை விடுங்கள். அந்தக் கடதாசியில் எஞ்சின் என்றால் என்னென்ன என்று எழுதியிருக்கிறதோ அதை வாசியுங்கள். பெரும்பாலும் "ஒயிலில் ஓடும் உள்பாகங்கள்" என்றிருக்கும். அதாவது பிஸ்டன், கிராங்க், கேம், வால்வு. இந்தக் காரில் இருப்பது பி48 எஞ்சின், 2 லீட்டர் டர்போ. இந்த வயதில் அதில் போவது பிஸ்டனும் கிராங்கும் அல்ல. ஒயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசியும், கூலண்ட் (எஞ்சினைக் குளிராக்கும் திரவம்) போகும் பிளாஸ்டிக் இணைப்புகள் சூட்டில் காய்ந்து வெடிக்கும். கேஸ்கெட், சீல், ஹோஸ் எல்லாவற்றையும் "தேய்மானம்" என்று ஏற்கனவே வெளியே தள்ளியிருப்பார்கள்.

இதைவிட ஆபத்தான வரி ஒன்று உண்டு: "வாரண்டியில் அடங்காத பாகத்தால் ஏற்படும் சேதம் அடங்காது." காலி வீதி நெரிசலில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு உடைந்து கூலண்ட் இறங்கி, எஞ்சின் சூடேறி, அதன் மேல்பாகமான ஹெட் வளைந்துவிட்டது என்று வையுங்கள். ஹெட் வாரண்டிக்குள்தான் இருக்கிறது. ஆனால் இணைப்பு வெளியே. இந்த ஒரு வரியை வைத்து முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டலாம்.

கியர்பொக்ஸிலும் இதே வில்லங்கம்தான். 330ஈ-யில் இருப்பது இசட்எஃப் 8 கியர் ஆட்டோ. ஆனால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒயில் மூலம் இணைக்கும் டோர்க் கன்வேட்டர் கிடையாது. அந்த இடத்தில் மின் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் மோட்டார் கியர்பொக்ஸ் கணக்கா, எலக்ட்ரிக்கல் கணக்கா? கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெகட்ரோனிக் யூனிட் எந்தக் கணக்கு? எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள்.

இனிக் காசுக் கணக்கு. 4 லட்சம் கட்டினால் ஆகக்கூடிப் பெறக்கூடியது 6 லட்சம், அதுவும் இரண்டு தடவையாக. ஒரு பெரிய பழுது மட்டும் வந்தால் 3 லட்சம்தான் வரும். கட்டிய காசே திரும்பாது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் முதலாவது காருக்கு 9 லட்சம் கூடப் போகிறது. அந்த 9 லட்சத்தை வங்கியில் தனியாகப் போட்டால், எந்தப் பாகம், எந்தக் கராஜ், எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரேஞ்ச் வயர்:
மேலே சொன்னது சரி. ஆனா இந்தக் காரில முதல் பார்க்க வேண்டியது எஞ்சினை இல்லை, ஹைவோல்டேஜ் பக்கத்தை. ஐரோப்பாவில பிஎம்டபிள்யூ இதின்ர பெரிய பற்றரிக்குக் குடுத்தது 6 வருசம் அல்லது 100,000 கிலோமீட்டர். 2017 கார் எண்டால் 2023-ஓட அது முடிஞ்சுது. ஆகவே ரெண்டு காரிலயும் ஆகக் கூடின விலைப் பாகத்துக்கு இப்ப ஒருதரும் பொறுப்பில்லை. கார் சேல் "எலக்ட்ரிக்கல்" எண்டு சொல்லுறதுக்குள்ள இந்தப் பற்றரி வருமோ எண்டு நேரே கேளுங்கோ. அநேகமா இல்லை எண்டுதான் சொல்லுவினம்.

அளந்து பார்க்கிறது லேசு. பற்றரி 7.6 கிலோவாட் மணி (யுனிட்), அதில பாவிக்கக்கூடியது 5.7. சுவர் பிளக்கில போடுற சின்ன யுனிட் மீற்றர் ஒண்டு வாங்குங்கோ. மேக்ஸ் ஈடிரைவில (மின்சாரத்தில மட்டும் ஓடுற மோட்) ஓட்டி, எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும் வரைக்கும் சார்ஜை இறக்குங்கோ. பிறகு மீற்றருக்கூடாக 100 வீதம் வரைக்கும் சார்ஜ் பண்ணுங்கோ. நல்ல பற்றரி எண்டால், சார்ஜிங்கில வீணாப் போறதையும் சேர்த்து 6 யுனிட்டுக்குக் கொஞ்சம் மேல இழுக்கும். 4.5 யுனிட்டில நிறைஞ்சிட்டு எண்டால் கிட்டத்தட்ட முப்பது வீதம் போயிட்டுது. "நேரமில்லை" எண்டு விக்கிறவர் மறுத்தால் அந்தக் காரை விடுங்கோ. சாதாரண பிளக்கில ஒரு இரவு போதும்.

பற்றரி தேய்ஞ்சிருந்தாலும் முழுசா மாத்தத் தேவையில்லை; மொடியூல் தனியா மாத்தலாம். அதைச் செய்யத் தெரிஞ்ச இடம் கொழும்பில எது எண்டு காசு குடுக்க முதலே விசாரிச்சு வையுங்கோ.

அடுத்தது ஏசி. இதை ஒருதரும் கவனிக்கிறேல்லை. 330ஈ-யில பற்றரியைக் குளிராக்கிறதும் அதே ஏசி கேஸ்தான். கொம்பிரஸர் பெல்ட்டில ஓடுறேல்லை, ஹைவோல்டேஜில ஓடுது. அதுக்குள்ள போட வேண்டியது பிஓஈ ஒயில், ஏனெண்டால் அது மின்சாரம் கடத்தாது. ரோட்டோர ஏசிக் கடையில மற்றக் கார்களுக்குப் போடுற பிஏஜி ஒயில் உள்ள போனால் இன்சுலேஷன் குறைஞ்சு, கார் "டிரைவ்டிரெய்ன்" எண்டு எச்சரிக்கை காட்டி நிண்டிடும். ஒரே மெஷினில எல்லாக் காருக்கும் கேஸ் அடிச்சால் ஹோஸில மிஞ்சின ஒயிலே காணும். கேஸ் வகையையும் பாருங்கோ: 2017 ஜனவரியில இருந்து ஐரோப்பாவில புதுக் கார்களுக்கு ஆர்1234வைஎஃப்தான். பொனட்டைத் திறந்தால் முன்பக்கம் ஸ்டிக்கரில இருக்கும். அதில வேற கேஸ் அடிச்சிருந்தால் ஆரோ கை வைச்சிருக்கினம் எண்டு அர்த்தம்.

மூண்டாவது, காருக்குள்ள இருக்கிற சார்ஜர். கேஎல்ஈ எண்டு சொல்லுவினம். அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ பிளக்இன் கார்களில தெரிஞ்ச பலவீனம் அது. கார் ஓடும், ஆனா சார்ஜ் ஏறாது. கேபிளைக் குத்திச் சார்ஜ் ஏறேக்க போர்ட்டில விளக்கு நீலத்தில துடிக்க வேணும். சிவப்பு வந்தால் உடன கேஎல்ஈ எண்டு முடிவெடுக்காதேங்கோ. பழைய வீடுகளில எர்த் சரியில்லாட்டியும் சார்ஜர் மறுக்கும். வேற இடத்திலயும் ஒருக்காக் குத்திப் பாருங்கோ.

ஸ்பேனர் 10:
கேஎல்ஈ பற்றிச் சொன்னது முக்கியம். அந்த ஒரு வருட வாரண்டியில் கேஎல்ஈ, ஏசி கொம்பிரஸர், கியர்பொக்ஸுக்குள் இருக்கும் மோட்டார் மூன்றையும் பெயர் சொல்லி எழுதித் தந்தால் 4 லட்சம் யோசிக்கக்கூடிய விலைதான். இல்லாவிட்டால் வேண்டாம்.

கிருலப்பனைக் கராஜ்:
ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. எல்லோரும் வாரண்டிக் கடதாசியையே பார்க்கிறீர்கள். 58,000 என்ற எண்ணை யாரும் கேள்வி கேட்கவில்லை. மீற்றரைக் குறைப்பது சின்ன வேலை. ஆனால் தூரம் டாஷ்போர்டில் மட்டும் பதிவாவதில்லை. எஞ்சின் கணினி, கியர்பொக்ஸ் கணினி, சாவி எல்லாவற்றிலும் தடம் இருக்கும். பிஎம்டபிள்யூவின் ஐஸ்டா என்ற பழுது கண்டறியும் மென்பொருள் உள்ள இடத்தில் எல்லா மொடியூலையும் வாசித்து, பிழைக் குறியீடுகள் எந்தக் கிலோமீட்டரில் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். மீற்றர் 58,000 காட்டும் காரில் 90,000-இல் பதிவான பிழை இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பார்ப்பதற்கு முதல் நாள் யாராவது பிழைகளை அழித்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்: பத்து வயதை நெருங்கும் காரில் ஒரு பழைய குறியீடுகூட இல்லாமல் இருப்பது இயல்பில்லை.

யூகே கார் என்பதால் அந்நாட்டு அரச இணையத்தளத்தில் எம்ஓடி (வருடாந்த வாகனப் பரிசோதனை) வரலாற்றையும் தேடலாம். ஆனால் அங்கே முதல் எம்ஓடி மூன்று வயதில்தான். அதற்கு முன் ஏற்றுமதியான காருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. சேஸி இலக்கத்தை முகவரிடம் கொடுத்து, தீர்க்கப்படாத ரீகோல் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பனி திருப்பி அழைத்துத் திருத்துவது) இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரீகோல் வேலைக்கு வாரண்டிக் காலம் தேவையில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது இந்தக் கார் ஏமாற்றும். சாவி போட்டதும் சத்தமில்லாமல் மின்சாரத்தில் நகரும். "எவ்வளவு ஸ்மூத்" என்று சந்தோஷப்பட்டு எஞ்சினையே கேட்காமல் திரும்பி விடுவார்கள். காலையில், பொனட் குளிராக இருக்கும்போது போங்கள். கியரை ஸ்போர்ட்டுக்குத் தள்ளினால் எஞ்சின் எழும்பும். அந்த முதல் நிமிடச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு கொட்டாவயில் அதிவேகப் பாதையில் ஏறி கடுவெல வரை போய், எஞ்சினும் மோட்டாரும் கைமாறும் இடத்தில் உதறுகிறதா என்று கவனியுங்கள். இறங்கியதும் ஏசியைப் போட்டபடி நெரிசலில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். கூலிங் பக்கத்தில் குறை இருந்தால் அங்கேதான் தெரியும்.

ஹைபிரிட் எஞ்சினில் இன்னொரு சங்கடம்: நின்று நின்று ஓடுவதால் பல நாட்களில் அது முழுச் சூட்டுக்கே வராது. ஈரமும் பெற்றோலும் ஒயிலில் கலக்கும். கார் கேட்கும்வரை காத்திருக்காமல் 8,000 கிலோமீட்டருக்கு அல்லது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். 5.25 லீட்டர், பிஎம்டபிள்யூ லோங்லைஃப் தரம் உள்ள ஒயில். நுகேகொடைக் காரின் பில்களில் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். கியர்பொக்ஸ் ஒயில் "வாழ்நாளுக்கும் போதும்" என்பார்கள்; அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வரும், தனியாக மாற்ற முடியாது. ஒயில் மட்டத்தை 30 முதல் 50 பாகை சூட்டுக்குள், கருவியை இணைத்துப் பார்க்க வேண்டும். 81,000 ஓடிய காரில் கியர்பொக்ஸ் ஒயில் மாற்றப்படாவிட்டால் அந்தச் செலவை விலையில் பேசிக் குறையுங்கள்.

வெள்ளத்தை மறக்காதீர்கள். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, கடுவெலப் பக்கம் வீடு வீடாகத் தண்ணீர் ஏறியது. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் கிடந்த பகுதியில் மண்நிறக் கோடு இருந்தால் கார் குளித்திருக்கிறது. சீற் தண்டவாள போல்ட்டில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டுக்குக் கீழே ஸ்பொஞ்ச் ஈரமா என்று பாருங்கள். இந்தக் காரில் பெரிய பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே தண்ணீர் போன காரை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

தெஹிவளை வீதி:
எல்லோருக்கும் நன்றி. கார் சேலில் கேட்டேன். கேஎல்ஈயும் கொம்பிரஸரும் "எலக்ட்ரிக்கலுக்குள் வரும், பயப்பட வேண்டாம்" என்று வாயால் சொல்கிறார்கள். பெயர் போட்டு எழுதக் கேட்டால் "அச்சடித்த படிவத்தை மாற்ற முடியாது" என்கிறார்கள். ஐஸ்டா சோதனைக்கு மறுப்பில்லை. நுகேகொடைக்காரர் இரவு சார்ஜ் பண்ணிப் பார்க்கவும் சம்மதம். அவருடைய சீஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறது, கட்டி முடித்துவிட்டதாகச் சொல்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ஸ்பேனர் 10:
அச்சடித்த படிவத்தை மாற்றத் தேவையில்லை. கம்பனிக் கடிதத்தாளில் நான்கு வரி போதும்: இன்ன சேஸி இலக்கக் காரின் வாரண்டியில் இன்ன மூன்று பாகங்களும் அடங்கும், பாகமும் கூலியும் கழற்றிப் பார்க்கும் செலவும் சேரும், வேலை இன்ன கராஜில் நடக்கும், காலம் கார் கைக்கு வரும் நாளிலிருந்து தொடங்கும். கையெழுத்தும் முத்திரையும். அதுவும் முடியாது என்றால் அந்த 4 லட்சத்தைக் கட்டாதீர்கள். ஆறு மாத வாரண்டிக்கும் விலையில் ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

கிருலப்பனைக் கராஜ்:
சீஆரில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனி இருக்கும்வரை அவரால் உங்களுக்கு உரிமை மாற்றித் தர முடியாது. கட்டி முடித்தது உண்மையென்றால் கம்பனியின் விடுவிப்புக் கடிதத்தைக் காட்டட்டும். அதோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கிய பிறகே மிச்சக் காசு. "ஓப்பன் பேப்பரில் (உரிமை மாற்றாமல், கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும்) எடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றால் வேண்டாம். அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். ரசீதில் சேஸி இலக்கமும், "பற்றரிச் சோதனையிலோ ஐஸ்டா சோதனையிலோ குறை கண்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரியும் இருக்க வேண்டும்.

ஒரேஞ்ச் வயர்:
யுனிட் மீற்றர் வாங்கேக்க 13 அம்பியர் தாங்குமோ எண்டு பாருங்கோ, மலிவானது சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் கோட் பாவிக்காதேங்கோ. காரோட வந்த சார்ஜிங் கேபிளைக் கையில வாங்கிப் பாருங்கோ, அது இல்லாமல் விக்கிற 330ஈ கன இருக்கு. சார்ஜ் முடிஞ்சதும் எத்தினை யுனிட் எண்டு இங்க போடுங்கோ.