ஹோம் நர்ஸ் சம்பளம் எகிறுது, அரசு தரும் க்ஷேம பென்ஷன் 2000 மட்டும்: படுத்திருக்கும் அம்மாவுக்குப் பஞ்சாயத்தில் என்ன கேட்கலாம்?

வேலந்தாவளம்வாசி

வணக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. அம்மாவுக்கு 78 வயசு. பக்கவாதம், வலது கை கால் வரலை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. வாயில்தான் சாப்பாடு. சிறுநீருக்கு காத்தீட்டர். ஏஜென்சி ஹோம் நர்ஸுக்கு மாசம் 21,000 கொடுக்கிறோம், அடுத்த மாசத்திலிருந்து 25,000 என்கிறார்கள். டயப்பரும் மருந்தும் தனி. வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசு உதவி ஏதாவது உண்டா? எங்கே போய்க் கேட்கணும்? மனு மலையாளத்தில்தான் எழுதணுமா?

பாலியேட்டிவ் சிஸ்டர்

அண்ணா, உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பெரிய உதவி பணமாக வராது. ஆளாகவும் சாமானாகவும்தான் வரும். கேரளத்தில் பாலியேட்டிவ் கேர் (தீராத நோயில் படுத்தவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) கொள்கை 2008-லேயே வந்துவிட்டது. பஞ்சாயத்து தன் திட்டப் பணத்தில் ஒரு நர்ஸை வைத்து வீடு வீடாக அனுப்புகிறது. கேன்சர்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கும் இது உண்டு, இலவசம்.

வார்டு ஆஷாவிடம் (வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்) முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், ரேஷன் கார்டு நகல்களோடு உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். பதியும்போதே "காத்தீட்டர் இருக்கு, போட்ட தேதி இது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் சாதாரண வரிசையில் போய்விடுவீர்கள்.

காத்தீட்டர் மஞ்சள் நிற லேடெக்ஸ் என்றால் 2 முதல் 4 வாரத்துக்குள் மாற்ற வேண்டும். நிறமில்லாத முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை தாங்கும். குழாயை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனில் ஸ்டெரைல் வாட்டர்தான் ஏற்றணும். சலைன் ஏற்றினால் உப்பு படிந்து பலூனுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும், மாற்றும் நாளில் பலூன் சுருங்காது. யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில் படக்கூடாது. அதைவிட முக்கியமாக, இனியும் அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் போட்டது எடுக்கச் சொல்ல ஆளில்லாமல் அப்படியே கிடக்கும், அதிலிருந்துதான் காய்ச்சலும் கிருமியும் வரும்.

புண் டிரெஸ்ஸிங், காத்தீட்டர், மூக்குக்குழாய் மாற்றுவது எல்லாம் நர்ஸின் வேலை. தினம் குளிப்பாட்டவோ டயப்பர் மாற்றவோ வரமாட்டார். ஒரு பஞ்சாயத்துக்குப் பெரும்பாலும் ஒருவர்தான். பிசியோதெரபிக்கு தாலுகா ஆஸ்பத்திரி பாலியேட்டிவ் பிரிவில் கேளுங்கள். ஏர் பெட், வீல்சேர் இரவலாகக் கிடைக்குமா என்றும் அங்கேயே விசாரியுங்கள். ஒருவர் திருப்பித் தந்ததும் அடுத்தவருக்குப் போகும், அதனால் பெயரை எழுதி வைப்பது நல்லது.

அக்ஷயா கவுண்டர்

காகித விஷயம் நான் சொல்கிறேன். மனுவைத் தமிழில் எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. நம் பக்கம் சிக்கல் மொழியில் இல்லை, பெயரில். ஆதாரில் இனிஷியல் இருக்கும், ரேஷன் கார்டில் வீட்டுப்பேர் இருக்கும், கோயமுத்தூர் சம்மரியில் ரெண்டும் இருக்காது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

2025 நவம்பரில் 1600-லிருந்து 2000 ஆன க்ஷேம பென்ஷனை விடாமல் காப்பாற்றுங்கள். வருஷா வருஷம் மஸ்டரிங் (ஆள் உயிரோடு இருப்பதை விரல் ரேகை வைத்து உறுதிசெய்வது) செய்யாவிட்டால் நின்றுவிடும். அக்ஷயா மையத்துக்கு (அரசு இ-சேவை மையம்) வந்தால் 30 ரூபாய், படுத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து செய்ய 50 ரூபாய். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். வயசானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். வெந்நீர்த் துணியால் துடைத்து, நல்ல கையான இடது கை விரலை முதலில் வையுங்கள். எப்படியும் பதியவில்லை என்றால் அதோடு விட்டுவிடாமல் லைஃப் சர்ட்டிபிகேட்டைப் பஞ்சாயத்தில் கொடுக்கணும். இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குப் பென்ஷன் அறுந்துபோகிறது.

ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம் உண்டு. முழுநேரமும் கூடவே இருந்து பார்க்கும் வீட்டு ஆளுக்கு மாசம் 600 ரூபாய்; சம்பளத்துக்கு வரும் ஹோம் நர்ஸுக்குக் கிடையாது. புது மனு வாங்குகிறார்களா என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுவிட்டு டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு அலையுங்கள். நிலுவை விழும் பணம் இது. மாசச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வேலந்தாவளம்வாசி

ரொம்ப நன்றி. காத்தீட்டர் மஞ்சள் நிறம்தான், இன்னும் மாற்றவே இல்லை. நாளைக்கே ஆஷாவைப் பார்க்கிறேன். 24 மணி நேர ஆளை நிறுத்திவிட்டு நாங்களே பார்க்க முடியுமா? வீட்டில் மூணு பேர் இருக்கிறோம். வால் எலும்புப் பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கு.

கொழிஞ்சாம்பாறை பிசியோ

சிவப்பை முதலில் பாருங்கள். விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கு. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. நர்ஸை உடனே கூப்பிடுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும் கைக்குத் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வைக்காதீர்கள். வளையம் சுற்றியிருக்கும் தோலுக்கு ரத்தம் போவதைத் தடுத்துவிடும்.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். முழுப் பக்கவாட்டில் வேண்டாம்; முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும், இடுப்பு எலும்பு மெத்தையில் குத்தாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். ஏர் பெட்டுக்கு மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு. பிளாஸ்டிக் ஷீட், மடித்த போர்வை எல்லாம் போட்டால் ஏர் பெட் இருந்தும் பலனில்லை. மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். உடம்பு கையில் இடித்தால் காற்று போதாது. ஏர் பெட் இருந்தாலும் திருப்புவதை நிறுத்தக்கூடாது.

ஆள் செலவுக்கு வருகிறேன். முழுநாள் ஆளில் பெரும்பகுதி சும்மா உட்காரும் நேரத்துக்குத்தான் போகிறது. தூக்குகிற வேலை காலையில் குளியல், விரிப்பு மாற்றம். சாயந்திரம் ஒரு தடவை. அந்த 2, 3 மணி நேரத்துக்கு மட்டும் ஆள் பிடியுங்கள். இரவை மூணு பேரும் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருத்தரே தினம் ராத்திரி விழித்தால் பத்து நாளில் அவரும் படுத்துவிடுவார். குடும்பஸ்ரீ (கேரள அரசின் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பு) நடத்தும் கே4 கேர் என்ற வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின் ஆட்கள் பயிற்சி எடுத்தவர்கள். காசுதான், ஆனால் மணிக்கணக்கில் கிடைப்பார்களா என்று பஞ்சாயத்தில் உள்ள குடும்பஸ்ரீயின் சி.டி.எஸ். ஆபீஸில் கேட்கலாம். ஏஜென்சியோடு தொடர்ந்தால் லீவு நாளில் மாற்று ஆள், ஓணம் நாள் சம்பளம், முன்பணம் திரும்புமா, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

டயப்பர் ஒன்று 35 ரூபாய் என்றால் நாளைக்கு 3 வீதம் மாசம் 3,150. காத்தீட்டர் இருக்கும்வரை மலத்துக்கு மட்டும்தான் வேணும். பகலில் அண்டர்பேட் (இடுப்புக்கு அடியில் விரிக்கும் உறிஞ்சும் விரிப்பு), இரவில் ஒரே டயப்பர் என்று வைத்தால் டயப்பருக்கு 1,050-தான், தோலுக்கும் நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம், பில்லில் பாருங்கள்.

நர்ஸ் முதல் தடவை வரும்போது வீட்டு ஆள் ரெண்டு பேர் கட்டாயம் இருங்கள். அவர் செய்து காட்டுவார், அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள்.