தளத்தை அழகாக மாற்றினோம், வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். எங்கே தப்பு?

நாடோடி:
வணக்கம். இந்த வாரம் எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்று தேடுகிறவர்களுக்காக ஒரு தளம் நடத்துகிறோம். நாங்கள் மூன்று பேர்தான். கண்காட்சி, பட்டறை, மலையேற்றம், சிறுவர் கதைநேரம், இசை என்று எது நடந்தாலும் சேர்ப்போம். பழைய தளம் பார்க்கச் சகிக்காது. நாள்வாரியாக ஒரு நீளப் பட்டியல், அவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு முன் அடியோடு மாற்றிக் கட்டினோம். முகப்பில் பெரிய படம், வரைபடம், பதினொரு ஃபில்டர், கீழே இறங்க இறங்கத் தானாக வந்துகொண்டே இருக்கும் கார்டுகள்.

பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் கூகுள் வழியாக வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். வந்தவர்களும் ஃபில்டரை இரண்டு முறை தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். போதாக்குறைக்கு, சில நிகழ்ச்சிகளுக்கு ஒரு நாள் முந்தைய தேதி காட்டுகிறது என்று வெளிநாட்டிலிருந்து இருவர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா என்கிறார் கூட்டாளி.

வலைப்பின்னி:
திரும்பாதீர்கள், இன்னொரு முறை குழம்பும். முதலில் இரண்டு கேள்வி. பழைய பக்கங்களின் முகவரிகளை என்ன செய்தீர்கள்? ஃபில்டரில் "இந்த வார இறுதி" என்று தேர்ந்தெடுத்தால் முகவரி எப்படி மாறுகிறது?

நாடோடி:
பழைய முகவரி எதைத் தட்டினாலும் முகப்புக்குப் போகும்படி 301 (நிரந்தரத் திருப்பம்) போட்டிருக்கிறோம். ஃபில்டர் தேர்வெல்லாம் முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும்.

வலைப்பின்னி:
பாதி நோய் தெரிந்துவிட்டது. சம்பந்தமில்லாத பக்கங்களை மொத்தமாக முகப்புக்குத் தள்ளினால், "பக்கம் இல்லை" என்ற கணக்கில்தான் கூகுள் அதை வைக்கும். தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் "சாஃப்ட் 404" என்று கொத்தாக நிற்கும், பாருங்கள். அந்தப் பக்கங்கள் இத்தனை நாள் சேர்த்த மதிப்பும் அதோடு போயிற்று. ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்குத் திருப்புங்கள். குறைந்தது ஒரு வருடமாவது அதை எடுக்காதீர்கள்.

# விஷயம் இன்னும் மோசம். அதற்குப் பின்னால் இருப்பதைக் கூகுள் தனிப் பக்கமாகவே எடுத்துக்கொள்ளாது. பழைய தளத்தில் "இந்த வார இறுதி" என்று தனிப் பக்கம் இருந்ததா?

நாடோடி:
இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் எங்களுக்கு அதிகம் பேர் வந்ததே அதன் வழியாகத்தான். ஃபில்டரில்தான் இருக்கிறதே என்று தூக்கிவிட்டோம். தலையில் அடித்துக்கொள்கிறேன்.

சும்மா ஒரு வாசகி:
எனக்கு நிரல் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட தளங்களை அதிகம் பயன்படுத்துகிறவள். "பண்பாடு", "பொழுதுபோக்கு" என்று பிரிவு யோசித்துக்கொண்டு யாரும் வருவதில்லை. சனிக்கிழமை மத்தியானம், கூட இரண்டு பிள்ளைகள், மழை வேறு வரும்போல் இருக்கிறது, அப்போது எங்கே போவது? இதுதான் மனத்தில் இருக்கும். பதினொரு ஃபில்டரில் நான்கைத் தட்டினால் "முடிவுகள் இல்லை" என்று வரும். அதற்கப்புறம் யார் நிற்பார்கள்? எதைத் தட்டினால் எத்தனை கிடைக்கும் என்று பக்கத்திலேயே எண்ணைக் காட்டுங்கள், பூஜ்யமானால் தட்டவே விடாதீர்கள்.

அந்தப் பெரிய படத்தை நான் ஒரு முறை பார்ப்பேன். இரண்டாம் முறை அது வழியை மறிக்கும்.

நாடோடி:
படம் கூட்டாளியின் செல்லப்பிள்ளை. பேசிப் பார்க்கிறேன்.

வலைப்பின்னி:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. "இன்று", "நாளை", "இந்த வார இறுதி", "குழந்தைகளோடு", "இலவசம்" என்று ஐந்தாறை மட்டும் நிலையான முகவரியுள்ள பக்கங்களாக்கி, முகப்பிலேயே சாதாரண இணைப்பாக வையுங்கள். மற்ற ஃபில்டர் சேர்க்கைகளைத் தேடலுக்குத் திறந்துவிடாதீர்கள், பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். தானாக இறங்கும் பட்டியலுக்குப் பதில் "மேலும் காட்டு" பொத்தானும், அடியில் பக்க எண்களும் போடுங்கள். பக்கங்களைப் படித்துச் சேர்க்கும் கூகுளின் ரோபாட் மனிதர்களைப் போல் ஸ்க்ரோல் செய்யாது, பொத்தானையும் தட்டாது. அதற்கு இணைப்புதான் வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால் பட்டியலில் விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்றும் சோதியுங்கள்.

பூச்சிபிடிப்பவன்:
தேதி மர்மத்துக்கு நான் வருகிறேன். நேரம் இல்லாமல் வெறும் "2025-03-15" என்று ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் (உலாவியில் ஓடும் நிரல்மொழியில் தேதியைக் கையாளும் பகுதி) கொடுத்தால், அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருக்கிறவருக்கு அது முந்தைய நாள் மாலை. உங்கள் மண்டலம் முன்னால் இருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் நேர மண்டலத்தையும் சேர்த்துச் சேமியுங்கள், பார்க்கிறவர் எங்கே இருந்தாலும் அதையே காட்டுங்கள். கச்சேரி நடக்கிற ஊரின் கடிகாரம்தானே கணக்கு?

அப்படியே, பழைய தளத்தில் நிகழ்ச்சிக்கான ஸ்கீமா குறிப்புகள் (தேதி, இடமெல்லாம் தேடுபொறிக்குப் புரியும்படி நிரலில் எழுதுவது) இருந்திருந்தால் புதியதில் இருக்கிறதா பாருங்கள். வார்ப்புரு மாற்றும்போது அதுதான் முதலில் காணாமல் போகும்.

நாடோடி (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. முகவரிகளை ஒன்றுக்கொன்று பொருத்தவே நான்கு நாள் ஆயிற்று. தேதி சரியாகிவிட்டது. ஸ்கீமா நிஜமாகவே காணாமல் போயிருந்தது, திரும்பப் போட்டோம். "இந்த வார இறுதி" பக்கம் மீண்டும் தேடலில் எட்டிப் பார்க்கிறது, பழைய அளவு இன்னும் வரவில்லை. தெரிந்தவர்கள் ஐந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய் திறக்காமல் பார்த்தோம். நான்கு பேர் வரைபடத்தைத் தொடவே இல்லை! ஃபில்டர் இப்போது நான்குதான். படம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, முழுதாக எடுக்கக் கூட்டாளி மனம் வைக்கவில்லை.

ஒன்று பாக்கி. முடிந்துபோன நிகழ்ச்சிகளின் பக்கங்களை அழித்துவிடலாமா?

வலைப்பின்னி:
ஆண்டுதோறும் நடப்பதென்றால் அழிக்காதீர்கள். ஒரே முகவரியை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றுங்கள். ஒரே முறை நடந்து முடிந்ததென்றால், "இது முடிந்துவிட்டது" என்று மேலேயே எழுதி, கீழே அதுபோல் இப்போது நடப்பவற்றைக் காட்டுங்கள். குறிப்பிட்ட தேதிக்கு மேல் தேடலில் காட்டாதே என்று பக்கத்தின் நிரலில் தேடுபொறிகளுக்காக வைக்கும் ரோபாட்ஸ் மெட்டா குறியிலேயே சொல்லவும் வழி உண்டு.

சும்மா ஒரு வாசகி:
முடிந்ததை முடிந்தது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். போன வருடத்துக் கண்காட்சிக்குக் கிளம்பிப் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிறேன்.