‘காலநிலை எழுத்தறிவு’ பொருந்துமா? வினாத்தாளுக்கு ஒரு கலைச்சொல்

ரோஸ் ஹில்லிலிருந்து:

மொரிசியசிலிருந்து குழுவினர்க்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தவுள்ள ஆய்வுக்கான வினாத்தாளைத் தமிழாக்கி முடித்துவிட்டேன். தலைப்பில் உள்ள ‘கிளைமேட் லிட்டரசி’ (காலநிலையைப் புரிந்து எடைபோடும் ஆற்றல்) என்பதற்குத் தமிழ்ச்சொல் ஒன்றுதான் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். ‘காலநிலை எழுத்தறிவு’ என்று பலரும் எழுதுகிறார்கள். எழுத்தறிவு என்பது எழுத்தை அறியும் அறிவு என விரியும் தொகை. அதன்முன் காலநிலையை வைத்தால், வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசி வகுப்பில் மட்டுமே தமிழ் கேட்கும் எங்கள் பிள்ளைகள் இதை எழுத்துப்பிழைத் தேர்வு என்றே நினைப்பார்கள்.

சொல் பிசகினால் அளவும் பிசகும் என்பதே என் கவலை. அமெரிக்காவில் 2009இல் வெளியான வரையறை, அடிப்படைக் கோட்பாடுகளை உணர்தல், கேட்ட செய்தி நம்பத்தக்கதா எனத் தேர்தல், அதைப் பிறரிடம் பொருள்படப் பேசுதல், தேர்ந்து முடிவெடுத்தல் ஆகிய நான்கையும் இதில் அடக்குகிறது. ‘2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது, காலநிலை மாறிவிட்டது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதிய சான்றாகுமா?’ என்று ஒரு வினா வைத்திருக்கிறோம். ஒருநாள் மழை வானிலை, ஏறத்தாழ 30 ஆண்டுப் போக்கு காலநிலை என்று பிரித்து எடைபோடத் தெரிந்தவரே இதற்கு விடை எழுத முடியும். அந்த ஆற்றலையும் உணர்த்தும் சொல்லாகக் ‘காலநிலைத் தெளிவு’ என்பதை முன்மொழிகிறேன்.

போர்ட் லூயியிலிருந்து:

தம்பி, ‘அறிவு’ இருக்க வேறு சொல்லை ஏன் தேடவேண்டும்? எப்பொருளை யார் வாயிலிருந்து கேட்டாலும் அதன் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்கிறது 423ஆம் குறள். செய்தியைத் தேர்ந்து எடைபோடுதல் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. அறிவு என்றால் மனப்பாடம் என்று பிள்ளைகள் எண்ணினால், அது நாம் நடத்தும் தேர்வுகளின் குறையே தவிரச் சொல்லின் குறை அன்று. ‘காலம்’ வடசொல் என்று சிலர் தயங்குவதும் தேவையற்றது. கால் என்றால் காற்று. காலம் அந்த வேரிலிருந்து கிளைத்தது என்பது என் நெடுநாள் கருத்து. ஆகவே ‘கால்நிலை அறிவு’ என்றே எழுதலாம்.

டர்பனிலிருந்து (தென்னாப்பிரிக்கா):

ஐயா பொறுத்தருள வேண்டும். கால் என்பது காற்றைக் குறிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘கால்நிலை’ என்று எழுதினால் படிப்பவர் பாதத்தைத்தான் பார்ப்பார். வழக்கொழிந்த பொருளை ஒரு வினாத்தாளால் மீட்க முடியாது. சொற்பொருள் மாறும் என்பதற்குப் ‘புயல்’ என்ற சொல்லும் சான்று: 14ஆம் குறளில் ‘புயலென்னும் வாரி’ என்பது மழையைக் குறிக்கிறது. அதே குறளின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ காற்றுமன்று, காலமுமன்று, ‘குன்றிக்கால்’ என்பதற்குக் ‘குன்றினால்’ என்ற பொருளைத் தரும் எச்ச ஈறு. அங்கே புயல் பொய்த்தால் உழவர் ஏரைத் தொடமாட்டார். மொரிசியசில் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளியை மூடுகிறார்கள். ‘பருவநிலை’ என்று மாற்றலாம் என்போரும் மார்கழி முன்பனி நம் இரு நாடுகளிலும் கடுங்கோடையாக இருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

‘காலநிலை அறிதிறன்’ எப்படி? அறிதிறன் வினைத்தொகை, அறிந்த, அறிகின்ற, அறியும் திறன் என முக்காலத்துக்கும் விரியும். தெளிவை மாணவர் தாமாகவே கூறிக்கொள்ளலாம்; திறனைச் செய்து காட்டித்தான் ஆகவேண்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

அம்மா, நன்றி. நேற்று ‘தெளிவு’, ‘அறிதிறன்’ ஆகிய இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி, புயல் எச்சரிக்கையை விலக்கிய பிறகு வானம் வெளுப்பதே ‘காலநிலைத் தெளிவு’ என்றாள். பிழை அவளுடையது அன்று. அந்தச் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொரு மாணவன், ‘காலநிலை மாற்றம் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்’ என்ற கூற்றுக்கு ‘முழுதும் உடன்படுகிறேன்’ என்று அழுத்தமாகக் குறியிட்டான். காரணம் கேட்டபோது, ஓசோன் படலத்து ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்றான். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பதை அவன் நினைக்கவே இல்லை. தன்மதிப்பீட்டுக் கூற்றுகளின் கூட்டலை மட்டும் பார்த்திருந்தால் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆகவே அந்தக் கூற்றுகளைத் தனிப் பகுதியாகப் பிரித்து, மதிப்பெண்ணில் சேராமல் வைத்துவிட்டேன்.

மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘அறிதிறன்’ போதும் என்கிறார்கள். நாளை காலை அச்சகத்துக்கு அப்படியே அனுப்புகிறேன்.

போர்ட் லூயியிலிருந்து:

அனுப்புங்கள் தம்பி, தடுக்கமாட்டேன். ஆயினும், வள்ளுவர் தந்த அறிவோடு ஒரு திறனை ஒட்டவைத்தால்தான் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கும் என்பதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.