வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு: எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

மழைத்துளி:
வாய்ப்புற்று அறிகுறி இருக்கான்னு மாசம் ஒருதடவை கண்ணாடி முன்னாடி வாயைத் திறந்து பார்க்கச் சொல்றாங்க. பார்த்தா எல்லாமே சந்தேகமாத் தெரியுது. கன்னத்துல வெள்ளைக் கோடு, நாக்குக்குப் பின்னாடி மேடு மேடா ஏதோ. எது சாதாரணம்? வலியே இல்லைன்னா விட்டுடலாமா?

பல்லவன்:
வலி இல்லைங்கிறதை நல்ல சேதியா எடுத்துக்காதீங்க. சாதாரண வாய்ப்புண்தான் சுருக்குன்னு வலிக்கும். அது ஒன்றிரண்டு வாரத்துல ஆறிடும். புற்று ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. 2 வாரம் பொறுங்க. அப்பவும் ஆறலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, 3 வாரத்தைத் தாண்ட விடவே கூடாது.

சாதாரணமானவை: பல் கடிக்கிற மட்டத்துல கன்னத்தில் ஓடுற வெள்ளைக் கோடு, உதட்டு உள்பக்க மஞ்சள் பொடிப்புள்ளி, நாக்கு மேல்பக்கத்தின் பின்கோடியில் வரிசையா இருக்கிற வட்ட மேடுகள், நாக்கு ஓரத்தின் பின்பகுதி மடிப்புகள். இவை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும்னா கவனிக்கணும்.

பார்க்கும்போது பலர் தவறவிடுறது நாக்கு ஓரமும் நாக்குக்கு அடியும்தான். புற்று அதிகம் வர்ற இடங்களும் அவைதான். நாக்கு நுனியை காஸ் துணியால பிடிச்சு ஒரு பக்கமா இழுத்து, டார்ச் அடிச்சு, கடைவாய்ப்பல் வரை பாருங்க. அப்புறம் நாக்கை மேலே தூக்கி, ஒரு விரல் அதுக்குக் கீழேயும் மறுகை விரல் தாடைக்கு அடியிலயும் வெச்சு நடுவுல அழுத்திப் பாருங்க. கட்டியா, தடிப்பா இருந்தா கையிலேயே தெரியும். கழட்டக்கூடிய பல்செட் இருந்தா முதல்ல கழட்டிடணும்.

வெள்ளைத் திட்டை ஈரத் துணியால மெல்லத் துடைங்க. துடைச்சா வந்துட்டா அநேகமா பூஞ்சை. வரலைன்னா காட்டணும். வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு இன்னும் மோசம். நாள் கணக்கு பார்க்காம உடனே காட்டணும்.

கூர்முனை:
ஒண்ணு சேர்க்கறேன். உடைஞ்ச பல்லு குத்தி வந்த புண்ணுன்னா, முதல்ல அந்த முனையைத் தேய்ச்சு மழுக்கணும். அதைச் செய்யாம ஸ்டீராய்டு ஜெல்லைத் தடவிக்கிட்டே இருந்தா எரிச்சல் அடங்கும், ஆறிட்டு வர்றதா தோணும். அதுலயே மாசக்கணக்கு ஓடிடும். முனையை எடுத்து 2 வாரத்துல ஆறலைன்னா பல்லு மேல பழி போடக்கூடாது, பயாப்ஸிதான் (புண்ணுல கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கறது).

மழைத்துளி:
கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே?

பல்லவன்:
பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணோட ஓரத்துல சில மில்லிமீட்டர் சதை எடுப்பாங்க. நடுவுல எடுத்தா செத்த திசுதான் வரும், முடிவு தெளிவா இருக்காது. பயாப்ஸிக்குப் பயந்து தள்ளிப்போடறதுதான் ஆபத்து. 2 செ.மீ.க்குள்ள, 5 மி.மீ.க்கு மேல ஆழம் போகாத புற்றுக்கட்டின்னா அது ஆரம்ப அளவு. கழுத்து நெறிக்கட்டிக்குப் போயிட்டா சிகிச்சையே வேற மாதிரி ஆயிடும்.

நார்க்கட்டு:
"புகையிலை இல்ல, வெறும் பாக்குதான்" என்கிறவங்களுக்கு: பாக்கு தனியாவே புற்று உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திடுச்சு. பாக்கு கன்னத்துச் சதையை நாரா இறுக்கும். காரம் பட்டா எரிச்சல், அப்புறம் வாய் திறக்கறது குறையும். உங்க விரல் மூணை நெட்டுக்குத்தா அடுக்கி முன்பற்களுக்கு நடுவுல வெச்சுப் பாருங்க. நுழையலைன்னா இறுக்கம் இருக்கலாம். பாக்கை விட்டாலும் ஏறின இறுக்கம் அநேகமா இறங்காது. மேல ஏறாம இருக்கத்தான் விடணும். புகை, மது ரெண்டும் சேர்ந்தா ஆபத்து கூட்டல் இல்ல, பெருக்கல்.

சிகரெட்டை நிறுத்தறதுக்காக நிக்கோட்டின் கம் எடுக்கறவங்க அதை சாதா சூயிங்கம் மாதிரி மென்னுடறாங்க. அப்படி மென்னா நிக்கோட்டின் வயித்துக்குள்ள போய் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவா மென்னு, சுறுசுறுன்னு வந்ததும் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சு, அது அடங்கினதும் மறுபடி மெல்லணும். கம்மை வாயில போடறதுக்கு முன்னாடி 15 நிமிஷம் காபி, பழச்சாறு வேண்டாம். புளிப்பு இருந்தா வாய்க்குள்ள உறிஞ்சாது. எழுந்து 30 நிமிஷத்துக்குள்ள முதல் சிகரெட் பத்த வைக்கறவங்களுக்கு 4 மி.கி., மத்தவங்களுக்கு 2. வாய் ஏற்கெனவே இறுகிப்போனவங்க கம்மை விட்டுட்டு, தோல்ல ஒட்டுற பேட்ச் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.