சீல், கிளாண்டு: வியாழனுக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

பாலக்கோட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு இங்கே சின்ன டிராக்டர் வைத்திருக்கிற விவசாயிகளுக்கு ஒருநாள் பயிற்சி. முன்பக்க லோடரில் பக்கெட்டை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் எண்ணெய் ஒழுகினால், தாங்களே கழற்றி சீல் (உள்ளே இருக்கும் அடைப்பு வளையம்) மாற்றுவதற்கு நான்கு பக்கக் கையேடு தயாராகிறது. வியாழக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

எனக்கு வந்த மொழிபெயர்ப்பு வரைவில் ‘சுரப்பியைத் திருகிக் கழற்றி, உள்ளே உள்ள முத்திரையை அகற்றவும்’ என்று இருக்கிறது. சுரப்பி என்றால் சுரப்பது. சிலிண்டர் வாயில் உட்கார்ந்து, உள்ளே போய் வெளியே வரும் ராடைத் (தண்டைத்) தாங்கி, எண்ணெய் வெளியே வராமல் காக்கிற கிளாண்டுக்கு அதன் வேலைக்கு நேர் எதிரான பெயர். இதை விவசாயி கையில் கொடுக்க மனசு வரவில்லை. நல்ல சொல் கொடுங்கள்.

தருமபுரியிலிருந்து:

தம்பி, கிளாண்டுக்குக் ‘கழுத்துமூடி’ போதும். சீலுக்கு ‘அடைப்பான்’ என்று வையுங்கள். வினையடியாகப் பிறந்த பெயர், விளக்கமே வேண்டாம்.

காரிமங்கலத்திலிருந்து:

ஐயா, கழுத்துமூடி சரி. அடைப்பான் மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் அடைப்பான் என்றால் மாட்டுக்கு வரும் நோய். காலையில் நன்றாக இருந்த மாடு சாயங்காலம் செத்துக் கிடக்கும். தடுப்பூசி போடும் நாளில் கேட்கிற பெயரை வண்டி பாகத்துக்கு வைத்தால் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

தருமபுரியிலிருந்து:

நல்லது, எனக்கு அது தோன்றவில்லை. அப்படியானால் ‘கசிவடை’, கசிவு + அடை. கசிவு குற்றியலுகரம் இல்லையே, உகரம் எப்படிக் கெடும் என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று நன்னூலே இடம் தருகிறது. கதவு + அழகு, கதவழகு ஆவது போல.

இன்னொன்று. மரக்கலத்தின் பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்குக் ‘கலப்பற்று’ என்று பெயர் உண்டு. கலத்தில் பற்றுவது கலப்பற்று. கடலோடிகள் கசிவை அடைக்க வைத்திருந்த சொல்லை நாம் ஏன் விட வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள், அது கலமும் அல்ல, பற்றும் அல்ல. போர்த்துகீசியத்தில் அந்த வேலை செய்பவருக்குக் ‘கலஃபாத்தே’ என்று பெயர். துறைமுகத்தில் இறங்கிய சொல்லுக்கு நாம் தமிழ் உடை போட்டிருக்கிறோம். ‘சீல்’ பிறமொழி என்று தள்ளிவிட்டு இதை எடுப்பது எந்த வகையில் தூய்மை?

தருமபுரியிலிருந்து:

ஒலி ஒத்திருப்பதாலேயே கடன் ஆகிவிடாது. கலம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. இதைத் தனியாக எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து:

சொல்லின் பிறப்பைப் பிறகு பார்க்கலாம், பொருளைப் பாருங்கள். பதினெட்டு வருடமாக சிலிண்டர் பிரிக்கிறேன். கடையில் வாங்கும் ஒரு சீல் கிட்டில் வருவதெல்லாம் கசிவை அடைப்பது இல்லை. வெளி ஓரத்தில் இருக்கும் டஸ்ட் சீல், ராடு உள்ளே போகும்போது ஒட்டியிருக்கும் தூசியை வழித்துவிடும். கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிகளில் முதலில் போவது அதுதான். அப்புறம் தூசி உள்ளே போய் ராடின் குரோம் பூச்சில் கோடு போடும். நகத்தால் ராடைக் குறுக்குவாட்டில், சுற்றி வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் புது சீல் போட்டும் பிரயோஜனமில்லை, சீக்கிரமே மறுபடி ஒழுகும்.

ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனின் சீல் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது. தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக இறங்கலாம். அந்த விவசாயி ‘கசிவே இல்லையே, கசிவடை எதற்கு’ என்று கேட்பார்.

இன்னொன்று, இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடுகிறது. மூன்றிலும் அது சீல்தான். கையேட்டைப் பிடித்துக்கொண்டு கடையில் போய் நிற்பவருக்குப் பொருள் கிடைக்க வேண்டும், அண்ணா.

பாலக்கோட்டிலிருந்து:

நேற்று வகுப்பில் ஒன்று நடந்தது. பையன்களிடம் ராடு சீலைக் கொடுத்துக் கிளாண்டில் போடச் சொன்னேன். எட்டுப் பேரில் ஐந்து பேர் திருப்பிப் போட்டார்கள். அதற்கு இரண்டு மெல்லிய விளிம்புகள் உண்டு, நடுவில் பள்ளம். பள்ளம் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற எண்ணெய் அந்த விளிம்புகளை விரித்து, ஒன்றை ராடோடும் மற்றதைச் சுவரோடும் அழுத்தும். திருப்பிப் போட்டால் விளிம்பு மடங்கி எண்ணெய் பீச்சும்.

1795-இல் ஜோசப் பிராமா நீர் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்த ஒழுகல்தான் பெரிய தொல்லை. அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே தோல் வளையத்தைக் கிண்ணம் போல மடித்து வைத்துத் தீர்த்தார் என்பார்கள். நம் அடிபம்பின் தோல் வாசரும் அந்த வகைதான்.

அந்த விளிம்பைப் பையன்களிடம் ‘இதழ்’ என்று சொன்னேன். ‘இதழ் எண்ணெயைப் பார்க்கட்டும்’ என்றதும் எட்டுப் பேரும் சரியாகப் போட்டார்கள். உதடும் இதழ், பூவின் மடலும் இதழ். விரியும், மூடும். அதனால் ‘இதழ்வளையம்’ என்று கேட்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

இதழ்வளையத்துக்கு என் ஒப்புதல். ஆனால் ஓரிங்குக்கு (O வடிவ ரப்பர் வளையத்துக்கு) இதழ் கிடையாது. அதை ஓரிங் என்றே விடுங்கள்.

ஓசூரிலிருந்து:

ராடு சீலுக்கு மட்டும் என்றால் சரி. முதல் இடத்தில் ‘சீல்’ என்று எழுதிப் பக்கத்தில் இதழ்வளையம் போடுங்கள். அதைவிட முக்கியம், முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வையுங்கள்: பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்ட பிறகுதான் ஹோஸில் (எண்ணெய்க் குழாயில்) கை. ஊசித்துளை ஒழுகலை விரலால் தேடக் கூடாது, அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தருமபுரியிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். அச்சுக்கு அனுப்புங்கள். ஆனாலும் பொதுப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை. தூசி வழிப்பது, எண்ணெய் தடுப்பது, பக்கெட்டைத் தாங்குவது மூன்றுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். கசிவடையை நான் விடவில்லை. கலப்பற்று பற்றிய மடல் நாளை வரும்.